பூனையினால் களவாடப்பட்ட மீன்

தமிழை வளர்த்தவர்களின் பெயரை எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும்: அகத்தியர், தொல்காப்பியர், நக்கீரர், ஆறுமுக நாவலர். இதில் ஒருவருக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. இரவு ஒரு மணி, ஆறிப்போன பிளேன்ரீ, மேசையில் ரொய்ட்டர் தந்தி. அச்சுக்கோப்பவர் வாசலில் நின்றபடி "ஐயா, இன்னும் முடியேல்லையா?" என்று கேட்கிறார். தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற அந்த உதவி ஆசிரியரின் பெயர் பட்டியலில் இல்லை. இன்றைக்கு நாம் எழுதுகிற தமிழில் அகத்தியரின் பங்கைவிட அந்த மனுசனின் பங்குதான் கூட.

இதை ஹெவ்லொக் டவுனில் இருந்துகொண்டு சொல்வதற்கு எனக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இந்த இடத்துக்குப் பெயர் தந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதி. நெல் வரியை ஒழித்தது அவருடைய காலத்தில். இங்கே வேலை முடிந்ததும் 1896 இல் சென்னைக்குப் போய் அந்த மாகாணத்துக்குக் கவர்னராக உட்கார்ந்தார். ராஜமுந்திரியில் கோதாவரிக்குக் குறுக்கே நிற்கும் பழைய ரயில் பாலத்துக்கும் அவர் பெயர்தான். ஆக, கடலின் இரண்டு பக்கத்திலும் தமிழரை ஆண்ட துரை. ஆனால் அக்கரைப் பத்திரிகையில் அவர் ஹேவ்லாக், இக்கரையில் ஹெவ்லொக். ஒரே துரைக்கு இரண்டு கரையில் இரண்டு எழுத்துக்கூட்டு. சென்னைப் பேப்பர்களில் போலீஸ், டாக்டர், காலேஜ். கொழும்புப் பேப்பர்களில் பொலிஸ், டொக்டர், கொலிஜ். யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒரு படி மேலே போய், ஆங்கிலத்தின் 'ட' ஓசைக்கு 'ர' எழுதி, கனடாவில் ரொறன்ரோ என்று ஒரு நகரத்தையே நிறுவிவிட்டார்கள். எந்தப் புலவர் சபையும் கூடி இந்த விதிகளை வகுக்கவில்லை. வெளியூர்ப் பெயர் ஒன்று தந்தியில் வந்து விழுந்ததும் அந்த நிமிசத்தில் கையில் பேனை வைத்திருந்தவர் எழுதியதுதான் விதி.

தந்தியை மொழிபெயர்க்கும் இந்தக் கூத்தில் நமக்கு முந்தியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களிடம் 1635 இலிருந்து ஒரு அக்கடமி இருக்கிறது. நாற்பது பேர், தங்களை 'அழியாதோர்' என்றே அழைத்துக்கொள்கிறவர்கள், மொழிக்குக் காவல். முதல் அகராதியை வெளியிட 1694 வரை எடுத்தார்கள். எட்டாவது பதிப்பு 1935 இல் முடிந்தது, ஒன்பதாவது 2024 இல். இடையில் ஒரு உலகப்போர் வந்து போயிற்று, குடியேற்ற நாடுகள் கையை விட்டுப் போயின, மனிதன் சந்திரனுக்கும் போய்த் திரும்பினான். அழியாதோருக்கு அவசரம் எதற்கு?

அவர்கள் வாசலில் காவல் நின்ற காலத்தில் பின்பக்க ஜன்னலால் உள்ளே வந்தவர் பெயர் சார்ல்ஸ் லூயி ஹவாஸ். 1832 இல் பாரிஸில் அவர் திறந்தது வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்து விற்கும் கடை. 1835 இல் அது ஹவாஸ் செய்தி நிறுவனம் ஆயிற்று. உலகத்தின் முதல் செய்தி நிறுவனம் ஒரு மொழிபெயர்ப்புக் கந்தோராகத்தான் பிறந்தது. அங்கே மொழிபெயர்த்துக்கொண்டிருந்த ஜேர்மன்காரர் ஒருவர் பிறகு லண்டனுக்குப் போய் 1851 இல் சொந்தக் கடை போட்டார். அவர்தான் ரொய்ட்டர். நம்முடைய உதவி ஆசிரியரின் இரவு நித்திரையைக் கெடுத்தவரும் அவரேதான். பாரிஸ் ஹவாஸின் இடத்துக்கு 1944 இல் ஏ.எஃப்.பி. வந்து உட்கார்ந்தது. இரவிரவாக ஆங்கிலத் தந்திகள் பிரெஞ்சாகின. ஒரு விசயத்தை 'உணர்ந்தார்' என்பதற்கு ஆங்கிலத்தைப் பார்த்து 'ரியலிசே' என்று எழுதப் பழகினார்கள். பிரெஞ்சில் அதற்கு 'செய்து முடித்தார்' என்று பொருள் இருக்கிறதே என்று இலக்கணக்காரர் கத்தினார்கள். பேப்பர் விடிகாலையில் வந்துவிடும்; கத்தல் அடுத்த மாதம்தான் வரும். 1994 இல் பண்பாட்டு அமைச்சர் தூபோன் ஆங்கிலத்தைத் தடுக்கச் சட்டமே கொண்டுவந்தார். ஜனங்கள் அவருடைய பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'மிஸ்டர் ஓல்குட்' என்று கூப்பிட்டார்கள். மொழிபெயர்ப்பை எதிர்த்தவருக்குக் கிடைத்த தண்டனை மொழிபெயர்ப்பு.

கொழும்புக்கு வருவோம். 1850 இல் 'கொழும்பு ஒப்சேர்வர்' ஆங்கிலப் பத்திரிகை காலியிலிருந்து கொழும்புக்குப் புறா விட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் கப்பல் காலித் துறைமுகத்தில் செய்தியை இறக்கும். புறா அதைக் காலில் கட்டிக்கொண்டு வரும். அதே வருசம் ரொய்ட்டரும் ஐரோப்பாவில் புறா விட்டுக்கொண்டிருந்தார். தமிழர் பறவையைத் தூது விடுவதில் பரம்பரை அனுபவஸ்தர்கள். அன்னத்தையும் கிளியையும் காதலரிடம் அனுப்பிப் பிரபந்தம் பாடியவர்கள். வெள்ளைக்காரன் அதே பறவையின் காலில் கிரிமியப் போரைக் கட்டி அனுப்பினான். 1858 இல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி வந்ததும் புறாவுக்கு வேலை போயிற்று. நட்டஈடு கொடுத்தார்களா என்று எந்தச் சரித்திரமும் சொல்லவில்லை.

அதற்கு முன்பே, 1841 ஜனவரியில், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன்காரர்களின் 'உதயதாரகை' வந்துவிட்டது. ஒரே பேப்பரில் தமிழும் ஆங்கிலமும். ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பொஸ்டனிலிருந்து கப்பல் ஏறி வந்த துரைமார் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துப் பெடியள். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானஸ்நானத்தோடு பெயரும் மாறியவர்கள். தமிழ்ப் பத்திரிகையின் முதல் மொழிபெயர்ப்பு வேலை, ஆசிரியர்களின் பெயரிலேயே நடந்து முடிந்திருந்தது.

சென்னையில் 1904 இல் 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்கு ஒரு உதவி ஆசிரியர் வந்தார். தந்தியையும் ஆங்கிலப் பேச்சுகளையும் தமிழாக்குவதுதான் உத்தியோகம். பெயர் சுப்பிரமணிய பாரதி. மகாகவி என்று நாம் பூப்போட்டுக் கும்பிடுகிறவர் கூலிக்கு மொழிபெயர்த்தவர் என்பதைச் சிலைகள் சொல்வதில்லை. பிற்பாடு ஒரு கட்டுரையில் 'மெம்பர்' என்ற சொல்லோடு அவர் பட்ட பாட்டை எழுதியிருக்கிறார். அவயவி, சபிகன், உறுப்பாளி என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒன்றும் சரிவராமல், கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டு எழும்பிப் போனார். உறுப்பினர் என்ற சொல்லை இன்றைக்கு எந்தப் பிரதேச சபைக்காரரும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போட்டுக்கொள்கிறார். பாரதி கொடுக்க மறுத்த பட்டம் அது.

1930 ஓகஸ்ட் 6 ஆம் திகதி சுப்பிரமணியம் செட்டியார் கொழும்பில் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். 1932 மார்ச்சில் லேக் ஹவுஸ் டி.ஆர். விஜேவர்தன 'தினகர'னைக் கொண்டுவந்தார். செட்டியார் தமிழகத்துக்காரர்; ஆசிரியர்களையும் அங்கிருந்தே அழைத்தார். எழுத்தாளர் வ.ரா. கூடச் சில காலம் வீரகேசரியில் இருந்திருக்கிறார். லேக் ஹவுஸிலோ ஒரே கூரைக்குக் கீழ் ஆங்கில 'டெய்லி நியூஸ்', சிங்களத் 'தினமின', தமிழ்த் 'தினகரன்'. அப்போதைய அரசாங்க சபை பேசியதும் ஆங்கிலம், நீதிமன்றம் தீர்த்ததும் ஆங்கிலம், பொலிஸ் முறைப்பாடு எழுதியதும் ஆங்கிலம். மட்டக்களப்பில் தமிழன் தமிழனை அடித்தாலும் அந்த அடி ஆங்கிலத்தில் போய்த் தமிழில் திரும்பித்தான் அச்சேறும்.

சொற்கள் இப்படி வந்ததில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. சிரிப்புத்தான். 1936 இல் ஸ்பெயினில் ஒரு ஜெனரல் சொன்னதாகச் சொல்லப்பட்ட வாய்ச்சவடாலிலிருந்து 'ஐந்தாம் படை' வந்தது. நமக்குத் தேர், யானை, குதிரை, காலாள் என்று நாற்படை ஏற்கெனவே இருந்ததால் ஐந்தாவது கச்சிதமாக வந்து பொருந்திக்கொண்டது. ஏதோ கம்பர் மறந்துவிட்டுப் போனதைப்போல. 1946 இல் சேர்ச்சில் அமெரிக்காவில் பேசிய கையோடு 'இரும்புத்திரை' விழுந்தது. தொடர்ந்து 'பனிப்போர்'. சித்திரை வெயிலில் முதுகில் ஒட்டிய சேர்ட்டோடு மொழிபெயர்த்த சொல் அது. பனி என்றால் நமக்கு மார்கழியில் தலையில் துவாய் கட்ட வைக்கும் சாமான். தடிமன் பிடிக்கும், சண்டை பிடிக்காது. இருந்தாலும் நாற்பது வருசமாகப் பனிப்போரை வாசித்தோம், விளங்கியது, விவாதித்தோம், சோவியத் ஒன்றியம் உடைந்தபோது துக்கமும் கொண்டாடினோம்.

1976 ஓகஸ்டில், ஹெவ்லொக் டவுனிலிருந்து பொடிநடையாகப் போகக்கூடிய பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில், அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்தது. பழந்தமிழ்ப் பண்டிதர் ஒருவரை எழுப்பிக் காட்டினால் என்ன விளங்கியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அணி என்றால் நகை. நகை போடாத நாடுகளின் தலைவர்கள் நடுமண்டையில் கூடினார்கள்! ஆனால் அந்தப் பண்டிதரைத் தவிர மற்ற எல்லாருக்கும் விளங்கியது. சொல் நிலைப்பதற்கு அவ்வளவு போதும்.

கோபம் வருவது வசனத்தில்தான். ஆங்கிலச் செய்தியின் முதல் வசனத்துக்குள் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்ற ஐந்தையும் அடைக்க வேண்டும் என்பது அவர்களுடைய தொழிற்சாத்திரம். ஆங்கிலத்துக்கு அது இயலும். எழுவாயையும் வினையையும் முதலிலேயே வைத்துவிட்டு மிச்சத்தை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். தமிழில் வினை கடைசியில். ஐந்து கேள்விக்கும் விடையை இடது பக்கத்தில் குவித்துவிட்டு, ஹெவ்லொக் வீதியில் 120 பஸ்ஸுக்கு நிற்பவனைப்போல வாசகன் வினைமுற்றுக்குக் காத்து நிற்கவேண்டியதுதான். அது வரும்போதும் தனியாக வராது, நாலைந்து சேர்ந்து வரும்: மேற்கொள்ளப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்படுகின்றது.

வீட்டில் பூனை மீனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் அம்மம்மா என்ன சொல்லுவா? "பூனை மீனைத் தூக்கிக்கொண்டு ஓடீட்டுது." எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, குற்றவாளி, தடயம் எல்லாம் முடிந்தது. இதையே ஒரு பத்திரிகைக்குக் கொடுங்கள்:

'ஹெவ்லொக் டவுன் பகுதியில் நேற்று மாலை பூனையொன்றினால் மீன் துண்டமொன்று களவாடப்பட்டதாகக் கூறப்படும் சம்பவம் தொடர்பில் மேலதிக விசாரணைகள் முன்னெடுக்கப்பட்டு வருவதுடன், குறித்த பூனை இதற்கு முன்னரும் இவ்வாறான சம்பவங்களுடன் தொடர்புபட்டிருந்தமை குறிப்பிடத்தக்கது.'

இதில் 'குறித்த' என்பது ஒரு ஆங்கில வக்கீல். கடைசியில் வரும் 'குறிப்பிடத்தக்கது' என்பதற்கு ஆங்கிலத் தந்தியில்கூடத் தகப்பன் கிடையாது. வசனம் எப்படியாவது முடிய வேண்டுமே என்று உதவி ஆசிரியர் சுயமாகப் பெற்ற பிள்ளை. 'களவாடப்பட்டது' தான் என் முதல் எதிரி. 'படு' பழைய விகுதிதான், இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று மரியாதையாக உட்கார்ந்திருந்ததுதான். ஆனால் வீட்டுப் பேச்சில் அதற்குக் கதிரை கிடையாது. ஆங்கிலத் தந்தி வந்த பிறகு அது குடும்பத்தோடு வந்து குடியேறிவிட்டது.

இதிலும் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் ஒரு நட்டமாகக் கணக்கில் எடுத்ததில்லை. உறுதிப்படாத செய்தியை எப்படி எழுதுவது? பிரெஞ்சுப் பத்திரிகையாளருக்கு இலக்கணம் ஒரு வசதி வைத்திருக்கிறது. அமைச்சர் 'நோயாளியாக இருக்கிறார்' என்பதற்குப் பதில், நிபந்தனை வினையில் 'ஸெரே' என்று ஒரு சொல்லைப் போட்டால் போதும்: அப்படிக் கேள்வி, பொறுப்பு எனக்கில்லை. பத்திரிகைக்காரரின் நிபந்தனை வினை என்றே அந்த வழக்குக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அது பாவம் 'கூறப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்று தடி ஊன்றி நடக்க வேண்டும்.

தமிழில்? "மந்திரி ராஜினாமா செய்திட்டாராம்." ஒரே ஒரு 'ஆம்'. நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், பொய்யென்றால் என்னைப் பிடிக்காதே என்று முழுச் சட்டப் பாதுகாப்பும் அந்த ஓர் அசைக்குள் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரிடம் இருப்பதைவிடச் சின்ன, சுத்தமான கருவி. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு நாளைக்கு ஆயிரம் தரம் பாவனையில் இருப்பது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அது இல்லாத ஆங்கிலத்தின் ஊன்றுகோலை வாங்கினோம். 'ஆம்' கிசுகிசு மாதிரி இருக்கிறதாம், கௌரவம் இல்லையாம். நொண்டியைப் பார்த்து நடக்கப் பழகிய ஓட்டக்காரன் கதை. இலங்கைத் தமிழ்ப் பேப்பர்க்காரர்களை எந்த நீதிமன்றத்தில் நிறுத்தினாலும் என் முதல் குற்றச்சாட்டு இதுதான்.

மாற்றிப் பார்க்கச் சிலர் முயன்றார்கள். 1959 இல் கைலாசபதி தினகரன் ஆசிரியரானபோது இந்த மண்ணின் பேச்சு, இந்த மண்ணின் கதை என்று கதவைத் திறந்துவிட்டார். மண்வாசனை உள்ளே வந்தது. ஆனால் சிறுகதைப் பக்கத்தோடு நின்றுவிட்டது. முதற்பக்கத்துத் தலைப்புச் செய்தியை அது அசைக்கவில்லை.

அதற்குள் 1956 இன் சிங்களம் மட்டும் சட்டம் வந்து கதையை இன்னும் சுற்றிவிட்டிருந்தது. அதுவரை ஆங்கிலத்திலிருந்து தமிழ். அதற்குப் பிறகு, ஆங்கிலத்தில் படித்த உத்தியோகத்தர் ஆங்கிலத்தில் யோசித்துச் சிங்களத்தில் எழுதியதைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். அரசாங்கத் தகவல் திணைக்களம் இருப்பதும் எங்கள் கொழும்பு 5 இல்தான், பொல்ஹேன்கொடையில். மூன்று மொழிகளில் அறிக்கைகள் புறப்படும் இடம். தமிழர்கள் பேப்பரில் வாசிக்கும் அரசாங்கம் பெரும்பாலும் இப்படி இரண்டு வடியில் வடிந்து வந்த அரசாங்கம்.

போர்க்காலத்தில் இந்தத் தமிழுக்கு யோகம் அடித்தது. செய்தவன் பெயரைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்லும் வசனம் எல்லாருக்கும் தேவைப்பட்ட காலம் அது. அரசாங்கத்துக்குத் தேவை, இயக்கங்களுக்குத் தேவை, உயிரோடு வீட்டுக்குப் போக விரும்பிய ஆசிரியருக்கு எல்லாரையும்விடத் தேவை. சுடப்பட்டார், கடத்தப்பட்டார், சடலமாக மீட்கப்பட்டார். ஆங்கிலப் பொலிஸ் அறிக்கையில் அடையாளம் தெரியாத நபர்கள் என்று இருந்ததற்கு நம்மவர் கண்டுபிடித்த தமிழ் 'இனந்தெரியாதோர்'. அதில் 'இனம்' வகை என்ற பொருளில் வருகிறது. இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனால் எந்த நாட்டில் இருந்து எழுதுகிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? 58 கலவரத்திலும் 83 கலவரத்திலும் ரோட்டில் மறித்து, வாளியைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டு, வாயில் வரும் உச்சரிப்பை வைத்தே ஆளின் இனத்தைக் கண்டுபிடித்த நாடு இது. பெயர், பொட்டு, அடையாள அட்டை, நடை, உடை எதிலும் இனம் தெரிந்துவிடும். துவக்கு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் இனம் தெரியாமல் போயிற்று. முப்பது வருசம் இந்தத் தீவில் இனவாதம் துளியும் அண்டாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் 'இடம்பெயர்ந்தோர்' ஆனார்கள். எல்லாவற்றையும் 'பட்டது' ஆக்கும் பேப்பர்த் தமிழ், பட வேண்டிய இந்த ஒரு இடத்தில் படாமல் விட்டது. ஏதோ அவர்களாகவே சாமானைக் கட்டிக்கொண்டு வீடு மாறினதுபோல. வன்னிச் சனமும் நாளடைவில் "நாங்கள் அஞ்சு தரம் இடம்பெயர்ந்தனாங்கள்" என்று பேசப் பழகிற்று. செய்தித்தாளின் சொல் கிடுகுவேலி தாண்டி வாய்க்குள் வந்துவிட்டது.

'காணாமல் போனோர்' கதையும் இதேதான். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை காணாமல் போகும். வேட்டிச் சால்வை காணாமல் போகும். இராணுவத்திடம் கையளித்த மகனும் அதே வினையில் காணாமல் போனான். 2016 இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அமைத்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரிலும் அவர்கள் 'காணாமற்போன ஆட்கள்' தான். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்தபோது தூக்கிய பதாகையில் வேறு வினை இருந்தது: காணாமல் ஆக்கப்பட்டோர். பிள்ளை போகவில்லை, ஆக்கப்பட்டான். ஆக்கினவன் ஒருவன் இருக்கிறான்.

நூறு வருசமாகச் செய்தவனை ஒளித்துவைக்கப் பழகிய 'படு'வை, செய்தவனைக் கேட்பதற்குத் திருப்பிப் பிடித்தவர்கள் அந்தத் தாய்மார். இப்போது பேப்பர்களும் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன. சட்டத்தின் தமிழ்ப் பெயரில் இன்னும் 'போன'.